குடியரசுத் தலைவர் குமரிக்கு வரும் நாளில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருவாய்த் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது நாகர்கோவில் பக்கத்தில் எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசியலமைப்புப் பாடம் நடத்துகிறேன். குடியரசுத் தலைவர் பற்றிய பாடம் வந்தால் போதும், சட்டப் பிரிவை மூடி வைத்துவிட்டு "சார், அவர் எதில் வருவார், யார் காசு, ஏன் ரோட்டை அடைக்கிறார்கள்" என்றுதான் கேட்பார்கள். வகுப்பு முடிந்து டீக்கடைக்குப் போனால் அங்கேயும் அதே பேச்சு. விவேகானந்தர் பாறைக்குப் படகு இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கொஞ்சம் கோபமாகவே கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் ஓர் இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நாட்டுத் தலைவர் என்றால் பிரதமர்தானே?

இல்லை. நம் நாட்டில் நாட்டின் தலைவர் குடியரசுத் தலைவர், அரசாங்கத்தின் தலைவர் பிரதமர். அரசியலமைப்பின் 53-வது பிரிவு ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரத்தைக் குடியரசுத் தலைவரிடம் வைக்கிறது. 74-வது பிரிவு, அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் அவர் அதைச் செலுத்த வேண்டும் என்கிறது. அமெரிக்காவிலும் இலங்கையிலும் அப்படி இல்லை. அங்கே இரண்டு பொறுப்பும் ஜனாதிபதி ஒருவருக்கே. அதனால்தான் இலங்கை ஜனாதிபதி டெல்லிக்கு வந்தால் வரவேற்பு ராஷ்டிரபதி பவன் முற்றத்தில் நடக்கிறது, மீனவர் பிரச்சினை பற்றிய பேச்சு பிரதமரோடு நடக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நான் எப்போதும் சொல்வது நவராத்திரி ஊர்வலத்தைத்தான். 1750-ல் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் ராஜ்யத்தைப் பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவருடைய தாசனாக இருந்து ஆண்டார். வருஷாவருஷம் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகியோர் திருவனந்தபுரம் போகும்போது, முன்னால் போவது மன்னரின் உடைவாள். களியக்காவிளையில் இரண்டு மாநிலப் போலீசும் அணிவகுத்து மரியாதை செய்கின்றன. ராஜா இல்லை, ராஜ்யமும் இல்லை, மரியாதை மட்டும் இன்றும் நடக்கிறது. அது ஓர் ஆளுக்குக் காட்டுகிற மரியாதை இல்லை, ஒரு பீடத்துக்குக் காட்டுவது. குடியரசுத் தலைவருக்குக் காட்டுவதும் அப்படித்தான். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார், பதவி அப்படியே இருக்கும்.

கன்னியாகுமரிக்கு எந்தெந்தக் குடியரசுத் தலைவர்கள் வந்திருக்கிறார்கள்?

எங்கள் அப்பா தலைமுறை பேசுவது 1970 செப்டம்பர் 2-ஆம் தேதியைப் பற்றி. அன்றுதான் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி விவேகானந்தர் பாறை நினைவு மண்டபத்தைத் திறந்து வைத்தார். முதலமைச்சராக இருந்தவர் கலைஞர் கருணாநிதி. அண்மையில் என்றால், 2019 டிசம்பர் கடைசியில் ராம்நாத் கோவிந்த் வந்தார். 2023 மார்ச் 18 அன்று திரௌபதி முர்மு வந்தார். விவேகானந்தர் மண்டபத்தையும் திருவள்ளுவர் சிலையையும் பார்த்தார். அந்தப் பயணத்தில் அவர் கொச்சியில் தொடங்கி, கேரளத்தில் சில நிகழ்ச்சிகளை முடித்துவிட்டு, இடையில் குமரிக்கு வந்து, அப்புறம் லட்சத்தீவுக்குப் போனார்.

2024 மே 30 முதல் ஜூன் 1 வரை விவேகானந்தர் பாறையில் தியானத்தில் இருந்தவர் பிரதமர் மோடி. அதையும் இதையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். அது நாட்டுத் தலைவரின் அரசுமுறைப் பயணம் இல்லை.

நம் மாவட்டத்தில் விமான நிலையமே கிடையாதே, எப்படி வருவார்?

பெரும்பாலும் திருவனந்தபுரம் வரை விமானம், அங்கிருந்து ஹெலிகாப்டர். கன்னியாகுமரி அரசு விருந்தினர் மாளிகைப் பக்கத்து ஹெலிபேடில் இறங்குவார்கள். அங்கிருந்து படகுத்துறைக்குக் கார். அப்புறம் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு. சுமார் அரை கிலோமீட்டர் கடல்தான், ஆனால் கடல் கடல்தானே. நீர்மட்டம் தாழ்ந்துவிட்டால் படகைத் துறையில் அணைக்க முடியாது. காற்று தூக்கினால் படகு ஆடும். நாட்டின் தலைவர் வந்தாலும் கடைசி வார்த்தை கடலுடையதுதான் என்று படகுத்துறையில் வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள்.

வானிலை சரியில்லாமல் ஹெலிகாப்டர் பறக்க முடியாவிட்டால் என்ன செய்வது என்றும் முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பார்கள். திருவனந்தபுரத்திலிருந்து பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று சாலை வழியும் தயாராக இருக்கும். இறங்கும் இடம் கேரளம், வந்து சேரும் இடம் தமிழ்நாடு என்பதால் இரண்டு மாநில அதிகாரிகளும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். வேறு மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தச் சிரமம் அவ்வளவாகத் தெரியாது.

ஒரு நாள் வருகைக்கு எத்தனை நாள் வேலை நடக்கும்?

வருகை மூன்று மணி நேரம் என்றால், வேலை இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடியரசுத் தலைவர், துணைக் குடியரசுத் தலைவர், பிரதமர் ஆகியோரின் பாதுகாப்புக்கு உள்துறை அமைச்சகம் வகுத்த விதித்தொகுப்பு ஒன்று உண்டு. 'நீலப் புத்தகம்' என்று அதைச் சொல்வார்கள். எத்தனை வண்டி, எத்தனை அடுக்குக் காவல், மேடையிலிருந்து கூட்டம் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதன்படிதான்.

முதலில் டெல்லியிலிருந்து ஒரு குழு வந்து ஒவ்வோர் இடமாகப் பார்க்கும். போகிற கழிப்பறை முதல் ஏறுகிற படி வரை பார்ப்பார்கள். அப்புறம் 'மினிட்-டு-மினிட்' என்று ஒரு நிகழ்ச்சி நிரல் தயாராகும். 10.05 இறங்குதல், 10.07 வரவேற்பு, 10.10 புறப்பாடு என்று அதில் நிமிடக் கணக்கு இருக்கும். வரவேற்பு வரிசையில் யார் நிற்பது, எந்த வரிசைப்படி நிற்பது, யார் பூங்கொத்து கொடுப்பது என்று தனிப் பட்டியல். அந்தப் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லி வருகிற போன்களைச் சமாளிப்பதுதான் வருவாய்த் துறைக்காரனுக்குப் பெரிய தலைவலி.

மருத்துவப் பக்கம் தனி. கூடவே வருகிற ஆம்புலன்ஸில் மருத்துவர், அவருடைய ரத்த வகைக்குரிய ரத்தம், குறிப்பிட்ட மருத்துவமனையில் ஓர் அறை என்று எல்லாம் தயாராக இருக்கும். சாப்பாட்டை உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் பரிசோதித்த பிறகுதான் பரிமாறுவார்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டர், அது போனால் இன்னொரு ஜெனரேட்டர்.

முந்தைய நாள் ஒத்திகை. கான்வாய், அதாவது வண்டி வரிசை, முழுக்க அப்படியே ஓடும், முக்கியஸ்தர் உட்காரும் இருக்கை மட்டும் காலியாக இருக்கும். நான் ஒருமுறை ஒத்திகைக்கு ஹெலிபேட் பக்கம் நின்றேன். விடியற்காலை 4 மணிக்கே வரச் சொல்லிவிட்டார்கள். சுக்குக் காப்பி பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு பத்துப் பேர் இருட்டில் நின்றோம். சுண்ணாம்பால் போட்ட வட்டமும் அதன் நடுவே 'எச்' எழுத்தும் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. தண்ணீர் லாரி வந்து தரையை நனைத்துவிட்டுப் போனது. நனைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது ஹெலிகாப்டர் இறங்கும்போது ஓரத்தில் நனையாமல் விட்ட இடத்தில் தெரிந்தது. செம்மண் எழும்பி, வரவேற்பு வரிசைக்கென்று வெள்ளைச் சட்டை போட்டு நின்றவர்களெல்லாம் செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டார்கள். மறுநாள் அந்த ஓரத்துக்கும் சேர்த்துத் தண்ணீர் அடித்தோம். ஒத்திகை எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தச் சட்டைகள்தான் ஞாபகம் வரும்.

அன்றைக்குப் படகு ஏன் நிறுத்தப்படுகிறது? எங்கள் பிழைப்பு என்னாவது?

இந்தக் கேள்வியை என்னிடம் அதிகம் கேட்டவர்கள் சன்னதித் தெருவிலும் கடற்கரை ஓரத்திலும் கடை வைத்திருப்பவர்கள். சங்கு, பாசிமாலை, கலர் மணல் பாக்கெட், மாங்காய்க் கீற்று, நுங்கு விற்கிறவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. வடக்கே இருந்து ரயிலில் வருகிறவர்கள் படகுக்கு வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசைதான் இவர்களுடைய சந்தை. வரிசை இல்லாத காலைப்பொழுது அவர்களுக்கு வெறும் காலைப்பொழுது.

பாறை சின்ன இடம். உள்ளே போக ஒரே வழி, படகு. கூட்டத்தை உள்ளே வைத்துக்கொண்டு பாதுகாப்புச் சோதனை செய்ய முடியாது என்பதால் வருகைக்கு முன்னும் வருகையின்போதும் பொதுமக்கள் படகை நிறுத்துகிறார்கள். சுற்றிலும் கடலில் காவல் படகுகள் நிற்கும், சின்னமுட்டம் பக்கத்து வள்ளங்களுக்கும் அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லிவிடுவார்கள். டிரோன் பறக்கவிடக் கூடாது. இதில் எதையும் நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஒரு பிரதமரையும் ஒரு முன்னாள் பிரதமரையும் பறிகொடுத்த நாடு இது. முன்னாள் பிரதமர் இறந்தது நம் மாநிலத்தில், ஸ்ரீபெரும்புதூரில்.

ஆனால் நிறுத்துவது வேறு, சொல்லாமல் நிறுத்துவது வேறு. முக்கியஸ்தர் எத்தனை மணிக்கு எந்த வழியாக வருகிறார் என்பதை வெளியே சொல்லக் கூடாது, சரி. "நாளை மதியம் 2 மணி வரை படகு இல்லை, அதற்கு மேல் உண்டு" என்று சொல்வதால் எந்த ரகசியமும் வெளியே போகாது. அதை இரண்டு நாள் முன்பே டிக்கெட் கவுண்டரில் ஒட்டலாம். வடசேரி பேருந்து நிலையத்திலும் கன்னியாகுமரி ரயில் நிலையத்திலும் ஒட்டலாம். ஆட்டோவில் மைக் கட்டித் தமிழிலும் இந்தியிலும் மலையாளத்திலும் சொல்லலாம். காசியிலிருந்து வாழ்க்கையில் ஒருமுறை வருகிற பாட்டி, காலையில் பகவதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் பாறைக்குப் போவார். மாங்காய் விற்கிறவர் அன்றைக்கு மாங்காய் குறைவாக வாங்குவார். கடல் திடீரென்று தாழ்ந்து படகு நிற்கும்போது நம் ஆட்கள் முணுமுணுக்காமல் பொறுத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் கடலுக்குச் சொல்லிவிட்டுச் செய்யத் தெரியாது. அரசுக்குத் தெரியும். அதனால்தான் நான் வேலையில் இருந்தபோதும் இதைக் கூட்டங்களில் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

கான்வாய் போகும்போது ஆம்புலன்ஸ் வந்தால்?

ஆம்புலன்ஸுக்கு வழி விட வேண்டும். இதில் இரண்டாவது பேச்சு இல்லை.

2017 ஜூனில் பெங்களூருவில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியின் கான்வாய் நெருங்கிக்கொண்டிருந்த நேரம், டிரினிட்டி சந்திப்பில் ஓர் ஆம்புலன்ஸ் சிக்கியது. அங்கே நின்ற போக்குவரத்து உதவி ஆய்வாளர் ஆம்புலன்ஸை முதலில் அனுப்பினார். அவருக்குத் தண்டனை கிடைக்கவில்லை, காவல் துறை பரிசு அறிவித்தது. மாறாக 2021 ஜூனில் கான்பூரில், குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் வந்த இரவில், போக்குவரத்தை நிறுத்தியிருந்ததில் சிக்கிய ஒரு நோயாளிப் பெண் மருத்துவமனை போய்ச் சேரும்போது உயிரோடு இல்லை. காவல் துறை மன்னிப்புக் கேட்டது, சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், குடியரசுத் தலைவரும் தன் வருத்தத்தைத் தெரிவித்தார். வருத்தத்தால் என்ன செய்ய முடியும்?

என் வீட்டிலேயே ஒரு அனுபவம் உண்டு. எங்கள் அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஒரு வியாழக்கிழமை, வருகைகூட இல்லை, ஒரு முக்கியஸ்தரின் வருகைக்கான ஒத்திகை. பார்வதிபுரம் தாண்டியதும் எங்கள் ஆட்டோவை நிறுத்திவிட்டார்கள். ஆட்டோ என்பதால் அது அவசர வண்டியாக யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஐம்பது நிமிடம். அம்மா பேசவே இல்லை, என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு பெண் காவலர் எட்டிப் பார்த்தார், அம்மாவின் கையில் இருந்த கட்டைப் பார்த்தார், உடனே பேரிகார்டை நகர்த்திவிட்டார். வேறு யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது, முகம் மறக்கவில்லை.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது: நம் ஊரில் நோயாளிகள் பாதிப்பேர் ஆட்டோவில்தான் போகிறார்கள். நாளைக்கு நீங்கள் தேர்வெழுதி அந்தச் சாலையில் டூட்டிக்கு நின்றால், சைரன் வைத்த வண்டியை மட்டும் பார்க்காதீர்கள், ஆட்டோவுக்குள்ளும் எட்டிப் பாருங்கள்.

பிரதமருக்கு இருக்கும் எஸ்.பி.ஜி. காவல்தான் இவருக்கும் உண்டா?

இல்லை. எஸ்.பி.ஜி. என்கிற சிறப்புப் பாதுகாப்புக் குழு பிரதமருக்கானது. குடியரசுத் தலைவர் மாவட்டத்துக்கு வரும்போது பெரும்பொறுப்பு மாநிலப் போலீசின் தலையில்தான். குதிரையில் ஈட்டியோடு வருகிற மெய்க்காவல் படையை டெல்லிச் சடங்குகளில்தான் பார்க்க முடியும்.

அவர் எந்த விமானத்தில் பயணம் செய்கிறார்?

தூரப் பயணத்துக்கு போயிங் 777-300 இ.ஆர். வகை விமானங்கள் இரண்டு இருக்கின்றன. 2020-ல் வந்தவை. குடியரசுத் தலைவர், துணைக் குடியரசுத் தலைவர், பிரதமர் மூவருக்கும் பொது. ஏவுகணையைத் திசை திருப்பும் தற்காப்புக் கருவிகள் அதில் உண்டு, ஓட்டுகிறவர்கள் விமானப்படைக்காரர்கள். அதற்கு முன் இருபது வருஷத்துக்கும் மேலாக ஏர் இந்தியாவின் ஜம்போ 747 விமானத்தைத்தான் பயணத்துக்குப் பயணம் வாங்கிப் பயன்படுத்தினார்கள்.

நமக்குப் பெருமையான ஒரு செய்தி: புதிய விமானம் முதன்முதலாகக் கிளம்பியது 2020 நவம்பர் 24 அன்று, ராம்நாத் கோவிந்தை ஏற்றிக்கொண்டு, சென்னைக்கு. அங்கிருந்து அவர் திருப்பதி போனார்.

உள்நாட்டில் குறைந்த தூரத்துக்கு விமானப்படையின் சிறிய போயிங் 737 வகை விமானங்கள். அதற்கும் கீழே எம்.ஐ.-17 ஹெலிகாப்டர், நம் விருந்தினர் மாளிகை வரை.

ரயிலில் வர மாட்டாரா?

வரலாம். ஒரு காலத்தில் அதுதான் வழக்கம். குடியரசுத் தலைவருக்கென்று இரட்டைப் பெட்டி கொண்ட தனி சலூன் 1956-ல் செய்யப்பட்டது. விமானம் பழகியபின் அதன் தேவை குறைந்தது. அப்துல் கலாம் 2003-ல் பீகாரில் ஹர்னவுத்திலிருந்து பாட்னாவுக்கு அந்தச் சலூனில் போனார். 2006-ல் டெல்லியிலிருந்து டேராடூனுக்கும் ரயிலில் போனார். அதற்கப்புறம் 15 வருஷம் கழித்து, 2021 ஜூன் 25 அன்று ராம்நாத் கோவிந்த் டெல்லி சப்தர்ஜங் நிலையத்திலிருந்து கான்பூருக்குச் சிறப்பு ரயிலில் புறப்பட்டார். தன் சொந்த ஊர்ப் பக்கத்து மக்களைப் பார்ப்பதற்காக ஜின்ஜக், ரூரா என்ற சின்ன நிலையங்களில் வண்டி நின்றது. மேலே கான்பூரில் நடந்ததாகச் சொன்னது இதே பயணத்தில்தான்.

ரயிலில் வந்தால் கொடி எங்கே கட்ட வேண்டும் என்பதுவரை தேசியக் கொடி விதிகளில் இருக்கிறது. வண்டி புறப்படும் நிலையத்தின் நடைமேடைப் பக்கமாக, ஓட்டுநர் அறையில் கட்ட வேண்டும். வண்டி நிற்கும்போதும், நிற்கப்போகும் நிலையத்துக்குள் நுழையும்போதும் மட்டுமே அது பறக்கலாம். ஓடும்போது பறக்கக் கூடாது. தண்டவாளம் முடிந்து கடல் தொடங்குகிற நம் கன்னியாகுமரி நிலையத்துக்குள் அப்படி ஒரு வண்டி கொடியோடு மெதுவாக நுழைவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

காரில் கொடி எந்தப் பக்கம்? சிவப்பு விளக்கு உண்டா?

சிவப்பு விளக்கு கிடையாது. 2017 மே 1 முதல் குடியரசுத் தலைவர் உட்பட எல்லாருக்கும் அது எடுக்கப்பட்டுவிட்டது. வெளிநாட்டுத் தலைவர் நம் அரசு காரில் போனால் வலப்பக்கம் நம் கொடி, இடப்பக்கம் அவர் நாட்டுக் கொடி.

ஆளுநர், முதலமைச்சர், பிரதமர் எல்லாரும் ஒரே மேடையில் இருந்தால் யார் முதலில்?

குடியரசுத் தலைவர் 1, துணைக் குடியரசுத் தலைவர் 2, பிரதமர் 3, தன் மாநிலத்துக்குள் ஆளுநர் 4, முன்னாள் குடியரசுத் தலைவர்கள் 5. தன் மாநிலத்தில் முதலமைச்சர் 7-வது இடத்தில், மத்திய கேபினட் அமைச்சர்களோடு சேர்ந்து வருவார். குடியரசுத் தலைவர் அரசு விழாவுக்கு வரும்போதும் போகும்போதும் தேசிய கீதம். தேர்வில் அடிக்கடி வருகிற பகுதி இது, படித்து வையுங்கள்.

இதற்கெல்லாம் யார் காசு?

நம் காசு. சுற்றி வளைக்காமல் சொன்னால் அவ்வளவுதான். குடியரசுத் தலைவரின் சம்பளம், படிகள், அவருடைய பதவி சார்ந்த செலவு எல்லாம் 112-வது பிரிவின்படி ஒன்றிய அரசின் வருவாய் சேருகிற இந்தியத் தொகுநிதியின் மீது 'சாட்டப்பட்ட' செலவு. அதாவது நாடாளுமன்றம் அதைப் பற்றி விவாதிக்கலாம், ஆனால் வாக்கெடுப்புக்கு விடாது. விமானம், ஹெலிகாப்டர் செலவு பாதுகாப்புத் துறை போன்ற வேறு கணக்குகளில் வரும். உள்ளூரில் பந்தல், சாலை, பந்தோபஸ்து எல்லாம் மாநில அரசின் தலையில் விழும்.

இப்படி மூன்று நான்கு பைகளிலிருந்து போவதால், ஒரு பயணத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆனது என்று ஒரே இடத்தில் பார்ப்பது கஷ்டம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தால் துறை துறையாகப் பதில் வாங்கலாம். பிரதிபா பாட்டீலின் வெளிநாட்டுப் பயணச் செலவு 2012-ல் ஊர்ப்பேச்சானது அப்படி வெளிவந்த பதில்களால்தான். கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. பதவியை மதிக்கிறவன் அதன் கணக்கையும் கேட்பான்.

வெளிநாட்டுக்கு எங்கே போவது என்று அவரே முடிவு செய்வாரா?

தன் விருப்பத்துக்கு டிக்கெட் போட முடியாது. வெளியுறவு அமைச்சகம் திட்டமிடும், அரசின் ஆலோசனைப்படி பயணம் நடக்கும். கூடவே ஓர் இணை அமைச்சரும் சில நாடாளுமன்ற உறுப்பினர்களும் போவது வழக்கம். வர்த்தகப் பேரம், ஆயுத ஒப்பந்தம் என்று பரபரப்பான பேச்சுகள் பிரதமரின் பயணங்களில். குடியரசுத் தலைவரின் பயணத்தில் முக்கியம், "உங்கள் நாட்டை நாங்கள் மதிக்கிறோம்" என்று நேரில் போய்ச் சொல்வது.

திரௌபதி முர்மு 2024 ஆகஸ்டில் பிஜி, நியூசிலாந்து, திமோர் லெஸ்தே போனார். அக்டோபரில் அல்ஜீரியா, மொரித்தானியா, மலாவி. "இங்கெல்லாம் போய் என்ன பிரயோஜனம் சார்" என்று ஒரு மாணவன் கேட்டான். நாட்டின் பெயர் தெரியாவிட்டால் பயனும் தெரியாது. திமோர் லெஸ்தேவுக்கும் அந்த மூன்று ஆப்பிரிக்க நாடுகளுக்கும் அதற்கு முன் எந்த இந்தியக் குடியரசுத் தலைவரும் போனதே இல்லை. ஐ.நா.வில் மலாவிக்கும் ஒரு வாக்கு, அமெரிக்காவுக்கும் ஒரு வாக்கு. பிஜிக்குக் கரும்பு வெட்டப் போனவர்களில் தமிழர்களும் உண்டு. 2024 மார்ச்சில் தேசிய தின விருந்தினராக அவர் போன மொரீஷியஸின் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து அச்சாகியிருக்கிறது.

நம் மாவட்டத்துக்கு இது தூரத்து விஷயம் இல்லை. தூத்தூர், இரவிபுத்தன்துறைக்காரர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்பில் எந்தெந்தக் கடலுக்கெல்லாமோ போகிறார்கள். வளைகுடாவில் வேலை பார்க்காத ஆள் இல்லாத தெரு குமரியில் குறைவு. கடல் எல்லை தெரியாமல் தாண்டிப் பிடிபட்டால், அந்த நாட்டோடு நமக்குப் பழக்கம் இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் போன் போன வேகமும் பதில் வரும் வேகமும்.

அவர் வெளிநாட்டில் இருக்கும்போது கையெழுத்து யார் போடுவார்?

அவரேதான், பெரும்பாலும். 65-வது பிரிவின்படி அவரால் வேலை பார்க்க முடியாத நிலையில் துணைக் குடியரசுத் தலைவர் பொறுப்பைப் பார்க்கலாம். 1960-ல் ராஜேந்திர பிரசாத் சோவியத் யூனியன் போனபோது ராதாகிருஷ்ணன் அப்படிப் பார்த்தார். இன்றைக்குக் கோப்பு அவர் இருக்கும் இடத்துக்கே போய்விடும்.

இதில் எல்லாரும் படிக்க வேண்டியது 2005 மே மாதத்து நிகழ்ச்சி. அப்துல் கலாம் மாஸ்கோவில் இருந்தார். பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் பரிந்துரை நள்ளிரவில் அங்கே அனுப்பப்பட்டது, அவர் கையெழுத்திட்டார். பின்னால் உச்ச நீதிமன்றம் அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்புச் சொன்னது. கலாம் மீது எனக்கு இருக்கும் மரியாதை குறையவில்லை. ஆனால் ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் சம்பந்தப்பட்ட காகிதம், பயணத்தில் இருப்பவரிடம் அந்த நேரத்தில் நீட்டப்பட்டிருக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

கிடைக்கிற பரிசுகளை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?

அவை தோஷகானா என்கிற பரிசுக் கருவூலத்துக்குப் போகும். 2024-ல் 'இ-உபஹார்' என்று ஓர் இணையதளம் தொடங்கி, அப்படிச் சேர்ந்த பொருள்களில் சிலவற்றைப் பொதுமக்களுக்கு ஏலம் விட்டார்கள்.

தெற்கே அவருக்கு ஒரு வீடு உண்டாமே?

உண்டு, செகந்திராபாத் அருகே பொல்லாரத்தில், ராஷ்டிரபதி நிலையம். குளிர்காலத்தில் சில நாள் வந்து தங்குவது மரபு. 2023 மார்ச்சிலிருந்து மற்ற நாள்களில் மக்களும் போய்ப் பார்க்கலாம். ஹைதராபாத் போகிற பிள்ளைகள் பார்த்துவிட்டு வாருங்கள்.

வரும்போது நேரில் மனு கொடுக்க முடியுமா?

சாலையில் பாய்ந்து கொடுக்க நினைக்க வேண்டாம். அது ஆபத்து, மனுவும் போய்ச் சேராது. குடியரசுத் தலைவர் செயலகம், ராஷ்டிரபதி பவன், புது டெல்லி 110004 என்ற முகவரிக்குத் தபாலில் அனுப்பலாம். இணையத்திலும் அவர்களுக்கு மனுப் பிரிவு இருக்கிறது. பட்டா, முதியோர் உதவித்தொகை போன்றவற்றை அங்கே அனுப்பினாலும் அது சுற்றிச் சுற்றி நம் தாலுகா அலுவலகத்துக்குத்தான் வரும். டெல்லி முத்திரையோடு அப்படித் திரும்பி வந்த மனுக்கள் பல என் மேசையில் இருந்திருக்கின்றன. அவற்றை நான் முதலில் எடுத்துப் பார்ப்பேன். ஆனாலும் முதலில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் நாகர்கோவிலில் கொடுத்துப் பாருங்கள்.

சாலையோரம் நின்று பார்க்கலாமா?

பார்க்கலாம், நிற்க அனுமதித்திருக்கும் இடங்களில். பை, பெரிய குடை எதுவும் வேண்டாம், ஆதார் கையில் இருக்கட்டும். சீக்கிரமே போய்விடுங்கள், கடைசி நேரத்தில் தெருவைத் தாண்ட விட மாட்டார்கள். தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள், மார்ச் வெயில் குமரியில் சும்மா இருக்காது. முதலில் பைலட் வண்டி போகும், அப்புறம் ஒரே மாதிரி கறுப்புக் கார்கள் வரும், எதில் இருக்கிறார் என்று தெரியாது. கொடி பறக்கிற காரைப் பாருங்கள். குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொள்ளுங்கள். உள்ளே இருந்து ஒரு கை அசைந்தால் குழந்தைக்குத்தான் முதலில் தெரியும்.